சிவகாசி எம்.பி. முதல் குவாண்டனாமோ உய்குர்கள் வரை: 'பயங்கரவாதி' முத்திரை விழுந்தால் வெளியே வருவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2002 ஜூலை 11. அமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கிய சிவகாசி தொகுதி மக்களவை உறுப்பினர் வைகோவை தமிழகக் காவல்துறை கைது செய்தது. அவர் மீது பாய்ந்தது பொடா சட்டம். காரணம், 12 நாட்களுக்கு முன்பு மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு.

அதே 2002-ல், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் சீனாவைச் சேர்ந்த உய்குர் முஸ்லிம்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். மொத்தம் 22 பேர். அவர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை. கடைசி மூன்று பேர் வெளியே வர 2013 டிசம்பர் ஆனது.

வைகோவுக்கும் உய்குர்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு தரப்பையும் உள்ளே தள்ளிய காற்று ஒரே திசையில் இருந்துதான் வீசியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தொடங்கிய 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' உலகம் முழுக்க சட்டங்களை மாற்றியது. அதில் பட்டாசுத் தொழில் நகரமான சிவகாசியின் எம்.பி. எப்படிச் சிக்கினார்? குவாண்டனாமோவில் என்ன நடந்தது? இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பொடா எப்படி வந்தது?

பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் என்பதன் சுருக்கம்தான் பொடா. இதற்கு முன்பு தடா என்ற சட்டம் இருந்தது. அப்பாவிகள் மீது பயன்படுத்தப்படுகிறது என்ற கடும் விமர்சனத்துக்கு இடையே 1995 மே மாதம் தடா காலாவதியானது.

2001 செப்டம்பர் 28-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1373-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்கு நிதி தருவது, ஆதரவு தருவது ஆகியவற்றைத் தடுக்க எல்லா நாடுகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, அக்டோபர் 24-ல், வாஜ்பாய் தலைமையிலான அரசு பொடா அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தின் மீதே தாக்குதல் நடந்தது. சட்டம் வேண்டும் என்ற குரல் இன்னும் வலுத்தது.

2002 மார்ச்சில் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களவை தோற்கடித்தது. விடவில்லை அரசு. மார்ச் 26-ல் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் கூட்டி 425-க்கு 296 என்ற கணக்கில் நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவில் ஒரு சட்டத்துக்காக நடந்த மூன்றாவது கூட்டுக் கூட்டம் அது.

அன்றைக்கு ம.தி.மு.க. தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்தது. மத்திய அமைச்சரவையிலும் இடம்பெற்றிருந்தது. பொடாவை ஆதரித்தது. ஆக, தன் கட்சி ஆதரித்து நிறைவேறிய சட்டத்திலேயே நான்கு மாதத்துக்குள் வைகோ உள்ளே போனார்.

திருமங்கலத்தில் என்ன நடந்தது?

2002 ஜூன் 29-ல் திருமங்கலத்தில் ம.தி.மு.க. பொதுக்கூட்டம் நடந்தது. விடுதலைப் புலிகளை முன்பும் ஆதரித்ததாகவும், இப்போதும் ஆதரிப்பதாகவும், இனியும் ஆதரிக்கப் போவதாகவும் வைகோ அதில் பேசினார் என்பதுதான் வழக்கின் மையம். துப்பாக்கி இல்லை, வெடிமருந்து இல்லை, பணப் பரிமாற்றம் இல்லை. மேடைப் பேச்சு மட்டுமே குற்றமாகச் சொல்லப்பட்டது.

ராஜீவ் காந்தி 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1992 மே மாதம் இந்தியா விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. பொடா சட்டத்தின் அட்டவணையிலும் புலிகளின் பெயர் இருந்தது. பொடாவின் 21-வது பிரிவு, பட்டியலில் உள்ள அமைப்புக்கு ஆதரவு திரட்டுவதையும், ஆதரவை ஊக்குவிக்கும் நோக்கத்தில் கூட்டத்தில் பேசுவதையும் குற்றமாக்கியது. தண்டனை 10 ஆண்டு வரை சிறை.

அப்போது தமிழக முதலமைச்சராக இருந்தவர் ஜெயலலிதா. புலிகள் விஷயத்தில் அவரது நிலைப்பாடு கடுமையானது. பிரபாகரனை இந்தியாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமே போட்டிருந்தது.

இந்த வழக்கில் வைகோவோடு ம.தி.மு.க. நிர்வாகிகள் எட்டுப் பேரும் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டில் பழ. நெடுமாறன், சுப. வீரபாண்டியன் ஆகியோரும் பொடாவில் கைதானார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. இலங்கையில் 2002 பிப்ரவரி 22-ல் அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தைக்கு வழிவிட, அதே ஆண்டு செப்டம்பரில் இலங்கை அரசே புலிகள் மீதான தடையை நீக்கியது. புலிகளோடு நேரடியாகப் போரிட்ட நாடு தடையை எடுத்த நேரத்தில், அவர்களை ஆதரித்துப் பேசியவர் வேலூர் சிறையில் இருந்தார்.

19 மாதம் உள்ளே இருந்தது ஏன்?

சாதாரண வழக்கில், குறிப்பிட்ட நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதானவரின் உரிமை. அதிகபட்சம் 90 நாள். பொடாவில் அதை 180 நாள் வரை நீட்டிக்கலாம்.

அடுத்தது இன்னும் கடினம். அரசு வழக்கறிஞர் எதிர்ப்புத் தெரிவித்தால், கைதானவர் குற்றம் செய்யவில்லை என்று நம்புவதற்குக் காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத நிலையில், 'நான் குற்றவாளி இல்லை' என்று கைதானவர் காட்ட வேண்டிய நிலை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்றது பொடா. சாதாரண சட்டத்தில் அதற்கு இடமில்லை.

வைகோ நீண்ட காலம் ஜாமீன் கேட்கவே மறுத்தார் என்பதும் உண்மை. 2004 மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரத்தில்தான் அவர் ஜாமீனில் வெளியே வந்தார். தேதி 2004 பிப்ரவரி 7. கைதான நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 577 நாட்கள்.

சிவகாசி தொகுதி வாக்காளர்கள் 1998-லும் 1999-லும் அவரைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பியிருந்தார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் என்று அன்றாடம் உழைக்கும் மக்களின் தொகுதி. அவர்கள் அனுப்பிய பிரதிநிதி பதவிக்காலத்தில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். தீர்ப்பு எதுவும் வராமலே இது நடந்தது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

பொடா செல்லாது என்று அறிவிக்கக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2003 டிசம்பர் 16-ல் நீதிபதிகள் எஸ். ராஜேந்திர பாபு, ஜி.பி. மாத்தூர் அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் மூன்று முக்கியப் பிரிவுகளுக்கு ஒரு கடிவாளம் போட்டது. பயங்கரவாதச் செயலைத் தூண்டும் அல்லது அதற்கு உதவும் எண்ணம் இருந்தால்தான் அந்தப் பிரிவுகள் பொருந்தும். அந்த எண்ணம் இல்லாமல் வெறும் தார்மீக ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமாகாது. ஓராண்டு சிறையில் இருந்தவர் சாதாரணச் சட்டப்படி ஜாமீன் கேட்கலாம் என்றும் நீதிமன்றம் விளக்கியது.

2004-ல் மத்திய பொடா மறுஆய்வுக் குழுவும், வைகோ மீதான வழக்குக்கு முகாந்திரம் இல்லை என்று கருத்துச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில், மன்மோகன் சிங் தலைமையிலான அரசு பொடாவையே ரத்து செய்தது.

அந்த அமைப்பு பயங்கரவாத அமைப்பா இல்லையா என்ற கேள்விக்குள் உச்ச நீதிமன்றம் போகவில்லை. இந்த மனிதர் என்ன செய்தார், என்ன எண்ணத்தோடு செய்தார் என்று கேட்டது. பட்டியலில் பெயர் இருப்பது அமைப்பைப் பற்றிய முடிவு. சிறைக்குப் போவது மனிதர். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் குவாண்டனாமோவிலும் கேள்வியானது.

உய்குர்கள் யார்? குவாண்டனாமோவுக்கு எப்படிப் போனார்கள்?

சீனாவின் வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங் பகுதியில் வாழும் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் இனத்தவர் உய்குர்கள். சீன ஆட்சியின் கட்டுப்பாடுகளுக்கு எதிராக அவர்களிடையே நீண்ட காலமாக அதிருப்தி உண்டு. அதில் ஒரு சிறு பகுதியினர் ஆயுதப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். கிழக்கு துர்கெஸ்தான் இஸ்லாமிய இயக்கம் என்ற பெயரில் ஆப்கானிஸ்தானில் செயல்பட்ட குழு அதில் முக்கியமானது. அதன் தலைவர் ஹசன் மஹ்சூம் 2003 அக்டோபரில் பாகிஸ்தான் ராணுவத்தால் கொல்லப்பட்டார்.

இந்த அமைப்பை 2002 ஆகஸ்டில் அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. செப்டம்பரில் ஐ.நா. பட்டியலிலும் அது இடம்பெற்றது. இராக் போருக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு அப்போது சீனாவின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது என்று இந்த முடிவைப் பலர் விமர்சித்தார்கள்.

குவாண்டனாமோ உய்குர்களில் பெரும்பாலோர் சீனாவை விட்டு ஓடிவந்து ஆப்கானிஸ்தானில் தங்கியிருந்தவர்கள். 2001 இறுதியில் அமெரிக்கா குண்டுவீசியபோது மலை கடந்து பாகிஸ்தானுக்குள் போனார்கள். அங்கே அவர்கள் பிடிக்கப்பட்டு அமெரிக்கப் படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்களுக்குத் தலைக்கு 5,000 டாலர் அளவில் சன்மானம் கிடைத்தது.

2002-ல் சீன அதிகாரிகளே குவாண்டனாமோவுக்கு வந்து இவர்களை விசாரித்தார்கள். யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ, அவர்கள் முன்னாலேயே உட்கார வேண்டியதாயிற்று.

'மூன்று முறை சொன்னால் உண்மையாகிவிடாது'

2004-ல் அமெரிக்க ராணுவத் தீர்ப்பாயம் இவர்களின் நிலையை ஆராய்ந்தது. ஐந்து பேர் 'எதிரிப் போராளிகள்' அல்ல என்று முடிவானது. மீதி 17 பேர் தொடர்ந்து எதிரிகளாகவே கருதப்பட்டார்கள்.

2008 ஜூன் மாதம் இரண்டு திருப்பங்கள் ஏற்பட்டன. குவாண்டனாமோ கைதிகளுக்கும் நீதிமன்றத்தை அணுகும் உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாதம், ஒரு உய்குர் கைதியின் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவரை எதிரிப் போராளி என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது என்றது. ஒரே குற்றச்சாட்டை அரசு வெவ்வேறு ஆவணங்களில் மூன்று முறை சொல்லிவிட்டதாலேயே அது உண்மையாகிவிடாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள்.

அதன் பிறகு 17 பேரும் எதிரிகள் அல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2008 அக்டோபர் 7-ல் நீதிபதி ரிக்கார்டோ உர்பினா, 17 பேரையும் அமெரிக்காவுக்குள் கொண்டுவந்து விடுவிக்க உத்தரவிட்டார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வெளிநாட்டவரை நாட்டுக்குள் அனுமதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை என்பது காரணம்.

குற்றமும் இல்லை, விடுதலையும் இல்லை

இங்கேதான் சிக்கல் முற்றியது. சீனாவுக்கு அனுப்பினால் சித்திரவதை செய்யப்படுவார்கள் என்று அமெரிக்காவே சொன்னது. தன் நாட்டுக்குள் விடவும் அமெரிக்கா தயாராக இல்லை. மற்ற நாடுகளோ சீனாவின் கோபத்துக்குப் பயந்தன. கடைசியில் இடம் கொடுத்தவை பெரும்பாலும் சிறிய நாடுகள்.

2006 மே மாதம் ஐந்து பேர் அல்பேனியாவுக்குப் போனார்கள். 2009 ஜூனில் நான்கு பேர் பெர்முடாவுக்கும், அந்த ஆண்டு இறுதியில் ஆறு பேர் பசிபிக் தீவு நாடான பலாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2010 மார்ச்சில் இரண்டு பேரை சுவிட்சர்லாந்து ஏற்றது. 2012 ஏப்ரலில் இரண்டு பேர் எல் சால்வடாருக்குப் போனார்கள். 2013 டிசம்பர் 31-ல் கடைசி மூன்று பேர் ஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

எதிரிகள் அல்ல என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும் அந்த மூன்று பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இப்படி நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. இலங்கைத் தமிழர்களுக்கு 'சிறப்பு முகாம்' என்ற சொல் நன்றாகத் தெரியும். விருதுநகர் மாவட்டம் குல்லூர்சந்தை போன்ற ஊர்களில் உள்ள மறுவாழ்வு முகாம்கள் வேறு. அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, வேலைக்குப் போகிறார்கள். சிறப்பு முகாம் என்பது வெளிநாட்டவர் தொடர்பான சட்டத்தின் கீழ், வழக்கில் சிக்கியவர்களையும் சந்தேகத்துக்கு உள்ளானவர்களையும் வெளியே போகவிடாமல் வைக்கும் இடம். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தாலும் சிறை வாசலில் இருந்து நேராக இந்த முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் உண்டு.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ராஜீவ் கொலை வழக்கு. அந்த வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றப் பிரிவுகள் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. தண்டனை உறுதியான ஏழு பேரில் பேரறிவாளன் 2022 மே மாதமும், மற்ற ஆறு பேர் அதே ஆண்டு நவம்பரிலும் விடுதலையானார்கள்.

அந்த ஆறு பேரில் நான்கு பேர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தும் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் திருச்சி சிறப்பு முகாம். அவர்களில் சாந்தன், ஊருக்குத் திரும்பும் முன்பே 2024 பிப்ரவரி 28-ல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூன்று பேர் அந்த ஏப்ரலில்தான் இலங்கைக்கு விமானம் ஏறினார்கள்.

இவர்கள் குற்றவாளி என்று தீர்ப்பாகித் தண்டனை அனுபவித்தவர்கள். உய்குர்கள் மீது குற்றச்சாட்டே கிடையாது. அந்த வேறுபாடு பெரியது. ஆனால் 'விடுதலை' என்ற தீர்ப்புக்கும் நிஜமான விடுதலைக்கும் நடுவில் நாடற்ற மனிதர் மாட்டிக்கொள்ளும் விதம் ஒன்றுதான்.

இந்தியாவிலேயே உய்குர்களும் இப்படிச் சிக்கியிருக்கிறார்கள். 2013-ல் எல்லை தாண்டி லடாக்கில் பிடிபட்ட மூன்று உய்குர் இளைஞர்களுக்கு அத்துமீறி நுழைந்ததற்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும், ஜம்மு காஷ்மீர் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் மீண்டும் மீண்டும் உத்தரவு போட்டு அவர்கள் உள்ளேயே வைக்கப்பட்டார்கள்.

அப்படியென்றால் பயங்கரவாதப் பட்டியலே தேவையில்லையா?

அப்படி யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் வெடித்தது நிஜக் குண்டு. சீனாவிலும் 2014 மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியோடு வந்தவர்கள் 30 பேருக்கும் மேற்பட்ட பயணிகளைக் கொன்றார்கள். பணம், ஆயுதம், ஆள்சேர்ப்பு ஆகியவற்றைத் தடுக்க அரசுகளுக்குச் சட்டம் தேவை.

பிரச்சினை பட்டியலை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான். 2020-ல் அமெரிக்கா கிழக்கு துர்கெஸ்தான் இஸ்லாமிய இயக்கத்தைத் தன் தடைப் பட்டியல் ஒன்றிலிருந்து நீக்கியது. அந்த அமைப்பு இயங்குவதற்கான நம்பகமான ஆதாரம் 10 ஆண்டுகளுக்கும் மேலாக இல்லை என்பது அது சொன்ன காரணம். ஐ.நா. பட்டியலில் பெயர் நீடிக்கிறது. ஒரு நாட்டுக்கு இல்லாத அமைப்பு, இன்னொரு நாட்டுக்கு இருக்கும் அமைப்பு.

இதற்கிடையே 2017 முதல், பயங்கரவாதத்தையும் தீவிரவாதத்தையும் ஒழிப்பதாகச் சொல்லி சீனா ஷின்ஜியாங்கில் உய்குர்களைப் பெருமளவில் முகாம்களில் அடைத்தது. தொழிற்பயிற்சி மையங்கள் என்பது சீனாவின் விளக்கம். அங்கே நடந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31-ல் அறிக்கை வெளியிட்டது. சில நூறு பேர் கொண்ட ஆயுதக் குழுவுக்கு வைத்த பெயர், ஒரு இனத்தின் மீதே விழுந்துவிட்டது.

பொடா போய்விட்டது. இப்போது என்ன சட்டம்?

பொடா 2004-ல் ரத்தானாலும் அதன் முக்கியப் பிரிவுகள் பல, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் எனப்படும் உபா சட்டத்துக்குள் அதே ஆண்டு கொண்டுவரப்பட்டன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஜாமீன் விதி மீண்டும் கடுமையானது. போலீஸ் தரும் ஆவணங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு உண்மை என்று நம்ப முகாந்திரம் இருப்பதாக நீதிபதி கருதினால் ஜாமீன் கிடையாது. பொடாவில் இருந்த 'ஓராண்டுக்குப் பிறகு சாதாரண விதி' என்ற வாசலும் உபாவில் இல்லை. 2019 திருத்தம், அமைப்பை மட்டுமல்லாமல் தனிநபரையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்க வழிசெய்தது.

போலீசிடம் தரும் வாக்குமூலத்தை சாட்சியமாக்கும் பிரிவு மட்டும் உபாவில் சேர்க்கப்படவில்லை.

விடுதலைப் புலிகள் மீதான தடை 2024 மே மாதம் மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அதாவது, திருமங்கலம் பேச்சு போன்ற ஒன்றை இன்று யாராவது பேசினாலும் சட்டக் கேள்வி அப்படியே உயிரோடு இருக்கிறது.

படம் அச்சடித்தால், புத்தகம் வைத்திருந்தால் குற்றமா?

சுவரொட்டியும் காலண்டரும் அச்சாகும் சிவகாசியில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. தடை செய்யப்பட்ட அமைப்பு தொடர்பான புத்தகம், துண்டறிக்கை வைத்திருந்ததாக கேரளாவில் இரண்டு மாணவர்கள் உபாவில் கைதானார்கள். 2021 அக்டோபர் 28-ல் உச்ச நீதிமன்றம் அவர்களின் ஜாமீனை உறுதி செய்தது. அமைப்போடு தொடர்பு அல்லது ஆதரவு என்பது மட்டும் போதாது, அதன் பயங்கரவாதச் செயல்களை முன்னெடுக்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. 2003 பொடா தீர்ப்பின் அதே தர்க்கம்தான்.

ஆனால் உறுப்பினராக இருப்பது விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. வெறுமனே உறுப்பினராக இருப்பது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று அறிவித்தது. தடை செய்யப்பட்ட சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராகத் தொடர்வதே குற்றம் என்பதுதான் இன்றைய நிலை.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கருத்தை ஆதரிப்பது தானாகவே குற்றமாகாது. வன்முறையைத் தூண்டும் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் கிடைக்கும் வரை வெளியே இருக்க முடியுமா என்பதற்கு சட்டம் உத்தரவாதம் தரவில்லை.

பிறகு என்ன ஆனது?

2004 தேர்தலில் வைகோ போட்டியிடவில்லை. தி.மு.க. அணியில் இருந்த ம.தி.மு.க. சிவகாசியைத் தக்கவைத்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில், தன்னைச் சிறையில் வைத்த ஜெயலலிதாவோடு வைகோ கூட்டணி சேர்ந்தார். தொகுதி மறுசீரமைப்பில் சிவகாசி மக்களவைத் தொகுதி மறைந்து விருதுநகர் தொகுதி உருவானது. அதில் 2009-லும் 2014-லும் நின்று வைகோ தோற்றார். 2019 ஜூலையில், புலிகள் தொடர்பான 2009-ம் ஆண்டுப் பேச்சுக்காக தேசத்துரோக வழக்கில் அவருக்கு ஓராண்டு சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் அவர் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார்.

வைகோவுக்குக் கட்சி இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், செய்தியாக்க ஊடகம் இருந்தது. அப்படியும் 577 நாள் ஆனது. உய்குர் கைதிகளுக்கு இதில் எதுவும் தொடக்கத்தில் இல்லை. கடைசி மூன்று பேருக்குச் சுமார் 12 ஆண்டு ஆனது. முத்திரை குத்த ஒரு அறிவிப்பு போதும். அதை அழிக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது, குற்றத்தைவிட அந்த மனிதருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகவே இருந்திருக்கிறது.

முக்கியத் தேதிகள்

2001 அக்டோபர் 24: பொடா அவசரச் சட்டம்
2002 மார்ச் 26: கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேற்றம்
2002 ஜூன் 29: திருமங்கலம் பொதுக்கூட்டம்
2002 ஜூலை 11: வைகோ கைது
2002 ஆகஸ்ட்: கிழக்கு துர்கெஸ்தான் இஸ்லாமிய இயக்கம் அமெரிக்கப் பட்டியலில்
2003 டிசம்பர் 16: பொடா குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு
2004 பிப்ரவரி 7: வைகோ ஜாமீனில் விடுதலை
2004 செப்டம்பர்: பொடா ரத்து
2008 அக்டோபர் 7: 17 உய்குர்களை விடுவிக்க அமெரிக்க நீதிபதி உத்தரவு
2013 டிசம்பர் 31: கடைசி மூன்று உய்குர்கள் ஸ்லோவாக்கியாவுக்கு
2024 மே: விடுதலைப் புலிகள் மீதான தடை மேலும் ஐந்து ஆண்டுக்கு நீட்டிப்பு